நிற்கும் காருக்கும் வயதாகும்: பழைய கார்களின் பிரேக், சஸ்பென்ஷன் பராமரிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் 1960-களில் செய்த கார் ஒன்றை வாங்கினார். பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட்டில் ஒரு கிழிசல் இல்லை. ஐந்து வருடம் கொட்டகையில் மூடியே வைத்திருந்தார்களாம். "ஓடவே இல்லை, அதனால் எதுவும் தேய்ந்திருக்காது" என்றார் விற்றவர். நாங்கள் இருவருமே அதை நம்பினோம். புது பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து, வாசலிலேயே முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தோம். முதல் இரண்டு மிதிக்கு பிரேக் நன்றாகப் பிடித்தது. மூன்றாவது மிதியில் பெடல் தரையில் போய் இடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் வண்டியை நிறுத்தினோம்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், உரசிப் பிடிக்கிற பட்டையான பிரேக் லைனிங் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. அந்த விஷயத்தில் விற்றவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஆயிலின் அழுத்தத்தால் சக்கரத்தில் பிரேக்கை விரிக்கிற வீல் சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கப் விளிம்பு விட்டுப்போயிருந்தது. சிலிண்டரின் உள்சுவரில் வரிசையாகத் துருப்பள்ளங்கள். அந்தக் கார் ஓடித் தேயவில்லை, நின்றே கெட்டிருந்தது.

பழைய காரை வைத்திருப்பவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். பிரேக்கிலும், வண்டியைச் சக்கரத்தின் மேல் தாங்குகிற சஸ்பென்ஷனிலும் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுகிற பாகங்களும் இருக்கின்றன, காலண்டரைப் பார்த்துக் கெடுகிற பாகங்களும் இருக்கின்றன. லைனிங், டிரம் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்), டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), டயரின் பட்டன் எல்லாம் முதல் வகை. ரப்பர், பிரேக் ஆயில், துருப்பிடிக்கிற இரும்புக் குழாய் எல்லாம் இரண்டாம் வகை. தினமும் ஓடுகிற வண்டியில் முதல் வகைதான் முந்திக்கொண்டு தீரும். எப்போதாவது வெளியே எடுக்கிற பழைய காரில் இது அப்படியே தலைகீழ்.

மிதித்தால் உள்ளே என்ன நடக்கிறது?

ஓடுகிற காரிடம் இருக்கும் வேகம் முழுவதையும் பிரேக் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. பிரேக்கின் வேலை இவ்வளவுதான். ஆனால் அந்தச் சூடு சாதாரணமானதல்ல. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் சமாளிக்கிற பிரேக், 80-இல் நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும். ஊருக்குள் நன்றாகப் பிடித்த பழைய பிரேக் மலையிறக்கத்தில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

காலின் விசை சக்கரத்துக்குப் போய்ச்சேரும் வழியையும் ஒரு கணக்காகப் பார்த்துவிடலாம். நீங்கள் 20 கிலோ எடைக்குச் சமமாக மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது ஐந்து மடங்கு பெருக்கித் தந்தால், பிரேக் ஆயிலை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை 100 கிலோ தள்ளுகிறது. அந்த பிஸ்டன் 19 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 2.84 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் குழாய்க்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 35 கிலோ அழுத்தம். கார் டயரில் நாம் அடைக்கிற காற்றைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கலின் விதிப்படி, இதே அழுத்தம் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. இவ்வளவையும் பிடித்து நிறுத்திவைத்திருப்பது கட்டைவிரல் நகம் அளவுள்ள ரப்பர் கப்புகளும், விரல் தடிமனுள்ள ரப்பர் ஹோஸ்களும்தான். அவற்றுக்கு ஐம்பது வயது என்று தெரிந்தும் ஓட்ட எனக்கு மனம் வராது.

ஆரம்பகாலக் கார்களில் இந்த வேலையைக் கம்பியும் தண்டும் செய்தன. 1921-இல் வெளிவந்த டூசன்பெர்க் மாடல் ஏ நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு, அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கோடு வந்தது. ஃபோர்டு 1939 மாடலில்தான் அதற்கு மாறியது. டிஸ்க் பிரேக்கின் பெருமையை உலகத்துக்குக் காட்டியது 1953-இன் லு மான் 24 மணி நேரப் பந்தயம். டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் அதில் வென்றது. இரண்டு வருடம் கழித்து வந்த சித்ரோயன் டிஎஸ், முன்சக்கரங்களில் டிஸ்க்கோடு சாதாரண வாடிக்கையாளர் கைக்கே வந்துவிட்டது. ஆனாலும் 1960-களின் கார்களில் பெரும்பாலானவற்றில் குறைந்தது பின்பக்கமாவது டிரம் பிரேக்தான் இருக்கும்.

வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1960-களின் பாதிவரை வந்த பெரும்பாலான கார்களில் பிரேக் ஆயில் போகும் பாதை ஒன்றே ஒன்று. மாஸ்டர் சிலிண்டரில் ஒரே பிஸ்டன், அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் கிளைகள். எங்கே ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். பின்னால் வந்த இரட்டைச் சுற்று முறையில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். உங்கள் கார் ஒற்றைச் சுற்றா என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானால் ஹேண்ட் பிரேக்தான் உங்களுடைய ஒரே மாற்று வழி. அதன் கேபிளைக் கிரீஸ் வைத்து, எப்போதும் பிடிக்கிற நிலையில் வைத்திருக்க வேண்டும்.

பிரேக் ஆயில் என்பது ஆயிலே அல்ல

எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம் அது. காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்வது அதன் குணம். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் நுழைந்துவிடும்.

ஈரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்களே சொல்லும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று பிரிக்கிறார்கள். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த நிலையில் அதே திரவத்துக்கு வைத்திருக்கும் கீழெல்லை 155 டிகிரிதான். டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. நீளமான இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திரவம் இந்தச் சூட்டை எட்டிவிடக்கூடும். கொதித்தால் நீராவிக் குமிழ் உண்டாகும். திரவம் அழுந்தாது, குமிழ் அழுந்தும். பெடல் அப்படியே இறங்கும், வண்டி நிற்காது. கொஞ்ச நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் பிரேக் பழையபடி பிடிக்கும். அதனால்தான் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தின் இன்னொரு வேலை துரு. நண்பரின் வீல் சிலிண்டரில் பார்த்த பள்ளங்கள் அப்படி வந்தவைதான். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வேன் என்பவர் இதைச் செய்தால் போதும்.

வகை விஷயத்தில் புதியவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கோன், அது தனி. பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று டாட் 5-ஐ மற்றதோடு கலந்துவிடக் கூடாது. சித்ரோயன் டிஎஸ் போன்ற சில கார்களில் வேறு கதை. பிந்தைய டிஎஸ் கார்களில் இருக்கும் எல்எச்எம் என்ற பச்சை நிறத் திரவம் உண்மையிலேயே கனிம எண்ணெய். அதைச் சாதாரண பிரேக்கில் ஊற்றினால் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். எஞ்சின் ஆயில், கிரீஸ், பெட்ரோல் பட்டாலும் இதே கதிதான். அதனால் பிரேக் ரப்பரைக் கழுவ பெட்ரோலை எடுக்காதீர்கள். புது பிரேக் ஆயிலோ, பிரேக்குக்கென்றே விற்கும் கிளீனரோ போதும். ரப்பரைத் திரும்பப் பொருத்தும்போது தடவ அதற்கென்று சிவப்பு ரப்பர் கிரீஸ் இருக்கிறது.

அப்புறம், கிளைக்கால் வகை பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வெளியே பார்த்தால் தெரியாத ஹோஸ்

என்னை மிகவும் அலைக்கழித்த ஒரு பழுதைச் சொல்கிறேன். என்னிடம் இருந்த பழைய காரின் முன் இடது சக்கரம் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் அந்தச் சக்கரத்தின் அருகில் கை கொண்டுபோக முடியாத சூடு. ஒரு பட்டறையில் வீல் சிலிண்டரை மாற்றினார்கள், சரியாகவில்லை. லைனிங்கைச் சுமக்கிற வளைந்த பாகமான பிரேக் ஷூவின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள், அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் பழுது இருந்தது, வெளியே ஒரு கீறல்கூட இல்லாத ரப்பர் ஹோஸில். உள்ளே ரப்பர் ஊதி, துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலால் மிதிக்கிற விசைக்கு ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்குத் தள்ளுவது ஷூவின் ஸ்பிரிங் மட்டும்தானே, அந்த பலம் போதாது.

இதைக் கண்டுபிடிக்கும் முறையை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஏர் எடுக்கிற, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுகிற நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் பீச்சி, சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று பொருள். விடுபடாவிட்டால் பழுது பிஸ்டன் இறுகியதிலோ, ஸ்பிரிங்கிலோ, ஹேண்ட் பிரேக் கேபிளிலோ. அழுத்தம்தான் சிக்கியிருக்கிறது என்றால், மறுபடி மிதித்துப் பிடிக்கவைத்து, இந்த முறை ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லையா? ஹோஸ்தான். விட்டுவிட்டதா? பழுது இன்னும் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம்.

மாஸ்டர் சிலிண்டர் பக்கம் வரும் வழக்கமான காரணம் ஒன்று உண்டு. பெடலை விட்டதும் தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கி, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை திறக்கும். அந்த இடைவெளி இல்லையென்றால் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக இடமில்லாமல் நான்கு சக்கரமும் மெல்ல மெல்லப் பிடிக்க ஆரம்பிக்கும். பெடலில் விரல் வைத்து அழுத்தினால் முதலில் சிறிது வெறும் ஆட்டம் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

வயது தெரியாத ஹோஸ்களை நான் ஆராய்ச்சி செய்வதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவேன். இரும்புக் குழாய்களை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உரிந்தால் அதையும் மாற்ற வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய் துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது. சிலிண்டரின் உள்சுவரில் நகம் தட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் புது ரப்பர் போட்டுப் பயனில்லை. சிலிண்டரையே மாற்றுங்கள், அல்லது உள்ளே துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்லீவ் போட்டு வாங்குங்கள்.

பெடலில் தெரியும் அறிகுறிகள்

பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே கசிகிறது. முதல் மிதிக்கு ஆழமாகப் போய், இரண்டாவது மிதிக்கு மேலேயே நின்றால் டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். அதை இறுக்கிச் சரிசெய்தால் போதும், பெரும்பாலும் பாகம் எதுவும் மாற்ற வேண்டியிருக்காது. மிதியை லேசாக்குகிற சர்வோ உள்ள காரில் பெடல் கல்லாக இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது.

பிரேக் பிடிக்கும்போது வண்டி வலப்பக்கம் இழுத்தால் பழுது இடப்பக்கச் சக்கரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே பிடிக்கவில்லை, அதனால்தான் இங்கே இழுக்கிறது. லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். பட்ட லைனிங்கைக் கழுவியோ சுட்டோ மீட்க முயல வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும்.

டிரம்மைத் திறக்கும் முன்

பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், கம்ப்ரஸர் காற்றை அடிப்பதும் பட்டறைப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். பொருத்தமான முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரப்படுத்தி, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள். சக்கரம் சுழலும் திசையிலேயே விரிகிற ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக அழுத்திக்கொள்ளும். கொஞ்சமாக மிதித்தாலே நிறையப் பிடிப்பது இதனால்தான். ஒரு பக்கம் சிறிது ஈரமோ துருவோ பட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். டிரம் சூடேறினால் விரியும், ஷூவிலிருந்து விலகும், கூடவே லைனிங்கின் பிடிமானமும் குறையும். மலையிறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரம் கார்களுக்கு அறிவுரையல்ல, கட்டாயம்.

பல பழைய கார்களில் ஷூ தேயத் தேயக் கையால்தான் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பின்தட்டில் சதுரத்தலை ஒன்று இருக்கும், அல்லது டிரம்மின் துளை வழியாகத் திருகுகிற பல்சக்கரம். சக்கரம் சுற்ற முடியாத அளவு இறுக்கி, ஒருமுறை பிரேக்கை நன்றாக மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைத்து, பிறகு சக்கரம் தடையின்றிச் சுற்றும்வரை தளர்த்த வேண்டும். லேசான உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளை எப்போதும் இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இறுக்குவது எல்லோரும் செய்கிற தவறு.

டிஸ்க்கில் சொல்ல அதிகமில்லை. தடிமன், வெடிப்பு, பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகிற பேட் இரண்டும் ஒரே அளவில் தேய்கிறதா, இவற்றைப் பார்த்தால் போதும். நின்ற வண்டியில் பிஸ்டன் இறுகுவதுதான் அதிகம்.

ஏர் எடுக்கும்போது

வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிப்பார்கள். காரின் கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதுவே சரி. நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதித்த காலை எடுக்கும் முன்பே மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். டப்பாவில் ஆயில் தீராமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. இதை அதிகம் பேர் சொல்வதில்லை. அன்றாடம் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பகுதியில் மட்டுமே போய்வரும். அதைத் தாண்டிய பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

சஸ்பென்ஷனை ஏன் சேர்த்தே பேசுகிறேன்?

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது, உள்ளங்கை அளவில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் டயர். டயரைத் தரையிலிருந்து எழும்பவிடாமல் வைத்திருப்பது சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பர் செத்த காரில் எவ்வளவு நல்ல பிரேக் போட்டாலும், மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளுகிற சக்கரத்தால் வண்டியை நிறுத்த முடியாது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் தானாக நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளி, ஆட்டத்தைச் சூடாக்கிக் கரைக்கிறது. வண்டி தாழ்ந்துபோனால் அதற்குக் காரணம் ஸ்பிரிங். ஷாக்கை மாற்றினால் உயராது. சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலே உள்ள மட்கார்டின் விளிம்புவரை டேப் வைத்து அளந்து, இடம் வலம் ஒப்பிட்டுப் பாருங்கள். 1959-இல் வந்த மினியில் இரும்பு ஸ்பிரிங்கே இல்லை. ரப்பர்க் கூம்புகள்தான் எடையைத் தாங்கின. அவை வருடக்கணக்கில் எடையைச் சுமந்து அழுந்திப்போய் வண்டி தாழும். அங்கேயும் ரப்பரின் வயதுதான் கணக்கு.

மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கிற சோதனை எல்லோருக்கும் தெரியும். முழுக்கச் செத்த ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும், பாதி செத்ததைக் காட்டாது. எண்ணெய் கசிந்த தடம், டயரில் திட்டுத்திட்டாகத் தேய்மானம், வளைவில் மேடு ஏறும்போது பின்பக்கம் நழுவுவது, இவை இன்னும் நம்பகமானவை. மோரிஸ் மைனர், எம்ஜி போன்ற கார்களில் நெம்புகோல் கை வைத்த பழைய வகை ஷாக் இருக்கும். அதில் எண்ணெய் ஊற்றும் மூடி உண்டு. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உரிய வகை எண்ணெயை ஊற்றியதுமே சரியாகிவிட்டவை இருக்கின்றன. அச்சின் பக்கம் கசிந்தால் மட்டும் ரீகண்டிஷன் செய்ய வேண்டும்.

பட்டை ஸ்பிரிங்கில் ஒவ்வொரு பட்டையாக விரல் ஓட்டிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் நடு போல்ட் அருகிலோ, பட்டையின் முனை உரசும் இடத்திலோ வரும். பட்டைகளுக்கு நடுவே துருவேறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் கட்டையாகிவிடும். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டைக் கழற்றி மாட்டினால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இனி புஷ். சஸ்பென்ஷனின் ஒவ்வொரு கையும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். ஓரத்தில் பிளந்திருந்தால், இரும்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், மாற்ற வேண்டும். புது புஷ் ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போல்ட்டை எப்போது இறுக்கினீர்கள்? சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், புஷ் அந்த நிலையிலேயே கடிபட்டுவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தால் எந்த ரப்பரும் நிலைக்காது. போல்ட்டைத் தளர்வாக மாட்டி, சக்கரத்தின் மீது வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று கேட்பார்கள். அது நீடித்து உழைக்கும், ஸ்டீயரிங் கூர்மையாகும், ஆனால் சாலையின் ஒவ்வொரு அதிர்வும் உள்ளே வரும். அந்தக் காருக்கென்று இருக்கிற மிருதுவான ஓட்டத்தை இழக்க எனக்கு விருப்பமில்லை. ரப்பரே போடுகிறேன்.

முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின் உள்ள கார்களில் கிரீஸ் கன் எடுப்பதற்குச் சோம்பல் படக் கூடாது. உள்ளே இருந்த கறுத்த கிரீஸ் முழுதும் வெளியேறி, புது கிரீஸ் ஓரத்தில் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே வழியும். அதைப் பார்த்துவிட்டு அடித்தாயிற்று என்று போய்விடாதீர்கள், நிப்பிளை மாற்றுங்கள். டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களின் முன்சக்கரத்தின் கீழ் மூட்டான ட்ரனியனுக்குக் கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் அடித்து அடித்து உலர விட்டால் அந்தப் பாகம் ஒடிந்து சக்கரமே மடங்கிக்கொள்ளும்.

ஆட்டத்தைச் சோதிப்பது இப்படி. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். அப்போதும் ஆடினால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட் (பந்து மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் மட்டும் தெரிகிற ஆட்டம் ஸ்டீயரிங் இணைப்புகளில் இருக்கும்.

எந்த வேலையானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. உறுதியான தரை, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, ஸ்டாண்டு வைத்ததும் வண்டியை நன்றாக ஒருமுறை அசைத்துப் பார்த்தல், இவை இல்லாமல் நான் தலையை உள்ளே விடுவதில்லை. சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றுவது வேறு ஆபத்து. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொன்றுவிடும். முதன்முறை செய்பவர்கள் அதை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்த பிறகு

சாலைக்கு எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே பெடலை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. பிறகு ஆளில்லாத சமதரையில், நடக்கிற வேகத்தில் தொடங்கி, பத்து, இருபது, நாற்பது என்று ஒவ்வொரு வேகத்திலும் நிறுத்திப் பாருங்கள். புது லைனிங் என்றால் முதல் சில நாள் மிதமாகவே மிதித்து அதை டிரம்மோடு ஒட்டிப் பழகவிட வேண்டும். வீல் நட்டுகளை ஐம்பது நூறு கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள். ஓட்டி முடித்த கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் உருளவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

நீண்ட நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, நன்றாக பிரேக் மிதித்து வாருங்கள். நண்பரின் கார் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஓடுகிறது. முதல் நாள் இரவே அதற்கடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுவார். காலையில் வண்டியை எடுத்ததும், நான்கு சக்கரம் நின்ற இடத்திலும் அட்டையில் ஈரம் பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார்.